ரசிகர் சண்டையை ஆட்டத்தோடு நிறுத்துவது எப்படி: வேலூர்ப் பகுதியில் கேமிங் குழு நடத்துவோருக்கு ஒரு கையேடு

காட்பாடியில் கல்லூரி விடுதி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவர், குடியாத்தத்தில் பள்ளித் தோழர்கள் சேர்ந்து தொடங்கிய டிஸ்கார்டு சர்வரை (எழுதவும் குரலில் பேசவும் உதவும் இணையக் குழுவை) பார்த்துக்கொள்கிறவர், ஆம்பூரில் அழைக்கப்பட்டவர்கள் மட்டும் சேர்ந்து ஆடும் இரவு ரூம் மேட்ச்களை யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறவர் ஆகிய மூவருக்கும் பொதுவான தலைவலி ஒன்று உண்டு. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், வேலரன்ட் எனத் துப்பாக்கிச் சுடும் இணைய ஆட்டம் எதுவாக இருந்தாலும், பெரிய போட்டியின் இறுதிச் சுற்று நடக்கும் இரவில் இரண்டு அணிகளின் ரசிகர்கள் மோதிக்கொள்கிறார்கள். சிறிது நேரத்தில் அந்த மோதல் அணிகளை விட்டு விலகி, எதிரில் பேசுகிறவரின் தாய், சாதி, மதம், மொழி, உடல் ஆகியவற்றின் மீது பாய்கிறது. அந்த இரவைச் சமாளிக்க வேண்டியவர்களுக்காக இது எழுதப்படுகிறது.

ரசிகர்களிடையே போட்டியுணர்வே இல்லாமல் செய்வது நடக்காத காரியம். நடந்தாலும் அந்தக் குழுவில் யாரும் தங்க மாட்டார்கள். எதிரணி தோற்றதைக் கொண்டாடுவதும், தோற்ற அணியைக் கிண்டல் செய்து மீம் போடுவதும் இந்த உலகத்தின் இயல்பான பேச்சு. பேச்சு ஆட்டத்தைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா என்கிற ஒரே எல்லையைத்தான் குழு நடத்துகிறவர் காக்க வேண்டியிருக்கிறது. சண்டை மூண்ட பிறகு அந்த எல்லையை வரைய முயன்றால், அது ஒரு தரப்புக்குச் சாதகமான தீர்ப்பாகவே மறு தரப்புக்குத் தெரியும். ஆகவே இங்கே சொல்லப்படுவனவற்றில் பல, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியவை.

சண்டை மூளும் இடங்கள்

எந்த நிமிடத்தில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதை ஆட்டத்தின் அமைப்பே சொல்லிவிடுகிறது. கபடியில் எதிரணி ஒன்றுதான். பிஜிஎம்ஐ போட்டியில் ஒரே வரைபடத்தில் 16 அணிகள், அணிக்கு நால்வராக 64 பேர் இறங்குகிறார்கள். முதலிடத்துக்கு 10 புள்ளி, அடுத்தடுத்த இடங்களுக்கு 6, 5, 4, 3, 2, 1, 1 என்று குறைந்து, வீழ்த்தும் ஒவ்வோர் எதிரிக்கும் ஒரு புள்ளி கூடும் முறை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. இதனால் தன் அணி வெளியேறியதற்கு நேரெதிரில் நின்ற அணியை மட்டுமல்லாமல், பக்கவாட்டிலிருந்து வந்து சுட்ட மூன்றாவது அணியையும் குற்றம் சொல்ல இடம் கிடைக்கிறது. இரண்டு அணிகள் பேசி வைத்துக்கொண்டு மூன்றாவதை அடித்தன என்கிற ‘டீமிங்’ குற்றச்சாட்டு இப்படித்தான் பிறக்கிறது. ஆடும் பரப்பான வட்டம் சுருங்கும்போது இரண்டு அணிகளின் கண்ணிலும் ஒரே அணி படுவது இயல்பு என்பதை, ஆட்டம் தெரிந்த மாடரேட்டர் (குழுவின் பேச்சைக் கண்காணிப்பவர்) ஒருவர் அந்த நேரத்தில் ரீப்ளே காட்சியோடு இரண்டு வரியில் எழுதிப்போட்டாலே பாதிச் சூடு தணியும். நான்கு பேரை அடுத்தடுத்து வீழ்த்திய வீரரை ‘ஹேக்கர்’ என்று அழைக்கும் வழக்கமும் இதே இனம்தான். பொதுக்குழுவில் அந்தச் சொல் ஓடிக்கொண்டிருக்க விடாமல், ஆதாரம் இருந்தால் ஆட்டத்தின் உள்ளேயே ரிப்போர்ட் செய்யும்படி அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு பொறி ஒளிபரப்பின் தாமதம். எதிரணியினர் நேரலையைப் பார்த்து இருப்பிடத்தை அறிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகப் பெரிய போட்டிகளின் ஒளிபரப்பு சில நிமிடங்கள் பின்தங்கியே வருகிறது. அரங்கத்தில் இருக்கும் யாரோ ஒருவர் முடிவை முன்கூட்டியே குழுவில் போட்டுவிட்டால், ‘முன்னாடியே எப்படித் தெரிஞ்சுது, எல்லாம் ஃபிக்ஸிங்’ என்று கிளம்பும். ஆட்டம் திரையில் முடியும் வரை முடிவைச் சொல்லக் கூடாது என்ற ஒரு விதி இந்தச் சண்டையை முளையிலேயே கிள்ளிவிடும்.

எல்லாவற்றையும்விடக் கசப்பானது, வீரர்கள் அணி மாறும் வாரங்களில் வருகிறது. நம் இளைஞர்களில் பலர் அணிக்கு ரசிகர்கள் அல்லர். ஒரு வீரருக்கு ரசிகர்கள். அவர் அணி மாறும்போது நேற்றுவரை ஒரே குழுவில் ஒன்றாகக் கத்தியவர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒருவர் வீடு, ஒருவர் கல்லூரி, ஒருவர் காதல் எல்லாம் மற்றவருக்குத் தெரியும் என்பதால், அவர்கள் வீசும் வசை குறி தப்புவதே இல்லை. இறுதிச் சுற்று இரவுக்குக் கொடுக்கும் கவனத்தை இந்த வாரங்களுக்கும் கொடுத்தாக வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய சிக்கல் மொழி. ஒரே குழுவில் தமிழ் பேசுகிறவர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து தக்கினி உருது பேசுகிறவர், ஆந்திர எல்லையோரத்துத் தெலுங்குக் குடும்பத்தவர், விஐடியில் படிக்க வடக்கிலிருந்து வந்தவர் என எல்லாரும் இருப்பார்கள். பெரிய பிஜிஎம்ஐ அணிகளின் வீரர்கள் பெரும்பாலும் இந்தியில் பேசுகிறவர்கள். ஆகவே ஓர் அணியின் மீதான கோபம் ‘இந்திக்காரன்’ என்றோ ‘மதராசி’ என்றோ மாறுவதற்கு ஒரு நிமிடம் போதும். அங்கிருந்து மதத்துக்கும் சாதிக்கும் தாவ இன்னொரு நிமிடம். இந்தத் தாவலைச் சாதாரண வசவாக எண்ணி விட்டுவிடக் கூடாது என்பது என் திடமான கருத்து. கெட்ட வார்த்தை பேசியவர் நாளை மறந்துவிடுவார். சமூகத்தைச் சொல்லித் திட்டப்பட்டவர் மறக்க மாட்டார், அவருடைய தெருவும் மறக்காது.

நேரலை நடத்துகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சண்டை நடந்தால் பார்வையாளர் எண்ணிக்கை ஏறும் என்பதால் சிலர் அதை மறைமுகமாக ஊதிவிடுகிறார்கள். 2021 ஜூனில், தடைசெய்யப்பட்ட பப்ஜி ஆட்டத்தை ஒளிபரப்பியபடி பெண்களை ஆபாசமாகப் பேசியதற்காக, லட்சக்கணக்கான சந்தாதாரர்களை வைத்திருந்த தமிழ் யூடியூபர் ஒருவர் தருமபுரியில் கைது செய்யப்பட்டதை இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் மறந்திருக்க முடியாது. மைக்கைப் பிடிப்பவர் சிரித்துக்கொண்டே கடந்துபோகும் வசவை, சாட்டில் இருக்கும் பதினைந்து வயதுப் பையன் அனுமதியாகவே எடுத்துக்கொள்கிறான்.

முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை

விதிகளைச் சில வாக்கியங்களில் எழுதி, எப்போதும் குழுவின் மேலே தெரியும்படி ‘பின்’ செய்து வையுங்கள். இரண்டு பக்க விதிமுறையை யாரும் படிக்கப் போவதில்லை. கீழ்க்கண்டவாறு எழுதினால் போதும்: ‘அணியையும் ஆட்டத்தையும் எப்படி வேண்டுமானாலும் விமரிசிக்கலாம். பேசுகிறவரின் குடும்பம், சாதி, மதம், மொழி, பால், உடல் ஆகியவற்றை இழுத்தால் செய்தி நீக்கப்படும். மறுபடியும் இழுத்தால் அந்தப் போட்டி முடியும்வரை குழுவுக்கு வெளியே இருக்க வேண்டும். மிரட்டல், பாலியல் தொல்லை, பிறரின் படத்தையோ எண்ணையோ முகவரியையோ வெளியிடுதல் ஆகியவற்றுக்கு எச்சரிக்கை கிடையாது, உடனே நீக்கம். குழுவில் பந்தயம் கட்டக் கூடாது.’

கடைசி வாக்கியத்தைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. நூறு ரூபாய் தோற்றவனின் கோபம் அணி தோற்ற கோபத்தோடு சேரும்போது கட்டுக்கடங்காது. சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது: 2025-ஆம் ஆண்டின் இணையவழி விளையாட்டுகள் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் இ-ஸ்போர்ட்ஸை (போட்டியாக நடத்தப்படும் இணைய ஆட்டங்களை) அங்கீகரிக்கிறது, நுழைவுக் கட்டணத்தையும் திறமைக்கான பரிசுத் தொகையையும் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் பந்தயத்தை ஏற்பதில்லை.

மாடரேட்டர்களைத் தேர்ந்தெடுக்கும்போது குழுவில் அதிகம் மோதும் இரண்டு ரசிகர் கூட்டங்களிலிருந்தும் ஒவ்வொருவரை எடுங்கள். ஓர் அணியின் ரசிகர் எல்லை மீறினால், அதே அணியைச் சேர்ந்த மாடரேட்டரே அவரை நிறுத்த வேண்டும் என்பதை அவர்களுக்குள் உடன்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரணிக்காரர் நீக்கினால் அது பழிவாங்கல். தன் கூட்டத்து அண்ணனே ‘போதும்’ என்றால் அது வேறு. உருதும் தெலுங்கும் இந்தியும் புரிகிறவர்கள் மாடரேட்டர்களில் இருப்பது அவசியம், ஏனெனில் புரியாத மொழியில் நடக்கும் வசையை யாரும் நீக்குவதில்லை. பெண்கள் இருக்கும் குழுவில் ஒரு பெண்ணாவது பொறுப்பில் இருந்தால், புகார் வந்து சேரும் வழி திறக்கும். அவரையே எல்லாப் புகாரையும் சுமக்க வைத்துவிடக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தளங்களில் உள்ள வசதிகளைப் போட்டி நாளுக்கு முன்பே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் எந்த உறுப்பினரின் செய்தியையும் அட்மின் எல்லாருக்குமாக நீக்கலாம். புதியவர் சேர அட்மினின் ஒப்புதல் வேண்டும் என்று வைக்கலாம். நிலைமை கைமீறினால் அட்மின்கள் மட்டுமே எழுதும்படி மாற்றலாம். டிஸ்கார்டில் ஒருவர் அடுத்தடுத்து எழுதுவதற்கிடையே இடைவெளி விடும் ஸ்லோ மோடு உண்டு. ஒருவரை அறுபது வினாடி முதல் ஒரு வாரம்வரை வாய்மூட வைக்கும் டைம்அவுட் உண்டு. குறித்துக் கொடுத்த சொற்களைத் தானே தடுக்கும் ஆட்டோமாட் 2022 முதல் இருக்கிறது. யூடியூப் நேரலைச் சாட்டிலும் ஸ்லோ மோடு, தடைச்சொல் பட்டியல், சந்தேகமான செய்தியைப் பரிசீலனைக்கு நிறுத்தி வைத்தல் ஆகியவை உள்ளன.

இவற்றில் தடைச்சொல் பட்டியலுக்குத்தான் உண்மையான உழைப்பு தேவை. இந்தத் தளங்களின் தானியங்கி வடிகட்டிகள் ஆங்கில வசவைப் பிடிக்கும் அளவுக்கு, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் வசவைப் பிடிப்பதில்லை. ஒரே சொல்லை உயிரெழுத்தைக் கூட்டியும் குறைத்தும், இடையில் எண்ணையோ புள்ளியையோ செருகியும் பல விதமாக எழுத முடியும். ஆகவே உங்கள் குழுவில் ஏற்கெனவே புழங்கிய வசவுகளை அதே எழுத்துக்கூட்டலில் சேகரித்து, தமிழ் எழுத்து வடிவத்தையும் சேர்த்து, தக்கினியிலும் தெலுங்கிலும் இந்தியிலும் அவற்றுக்கு இணையானவற்றை அந்த மொழி தெரிந்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாதிப் பெயர்களை அப்படியே தடுத்துவிட்டால் உறுப்பினர் சிலரின் பெயரும் ஊரும்கூடத் தடுக்கப்படும். அவற்றை நீக்காமல் பரிசீலனைக்கு நிறுத்தி வைக்கும்படி அமைப்பதே நல்லது.

ஆட்ட இரவில்

குறைந்தது இருவர் பணியில் இருக்க வேண்டும். அவர்கள் அந்த இரவில் ரசிகர்களாகப் பேசக் கூடாது. சாட் வேகமெடுக்கும்போது யாரையும் நீக்குவதற்கு முன் ஸ்லோ மோடைப் போடுங்கள். அரை நிமிடம் காத்திருக்க நேர்ந்தால் கோபத்தில் தட்டச்சு செய்ததை அனுப்பாமலே அழித்துவிடுகிறவர்கள் உண்டு.

எல்லை மீறிய செய்தி வந்தால் முதலில் அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு நீக்குங்கள். இந்த வரிசை மாறக் கூடாது, ஏனெனில் நீக்கிய பிறகு ‘நான் அப்படிச் சொல்லவேயில்லை’ என்பவருக்குப் பதில் சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது. நீக்கியதும் பொதுக்குழுவில் ‘விதி இரண்டின்படி ஒரு செய்தி நீக்கப்பட்டது’ என்று பெயர் சொல்லாமல் ஒரு வரி போடுங்கள். பெயரைச் சொல்லி எல்லார் முன்னிலையிலும் கண்டித்தால், அவர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே மேலும் கத்துவார்.

அவரிடம் தனியாகப் பேசுவதே பலன் தரும். நம் ஊர்ப் பேச்சில், அதிகாரத் தோரணை இல்லாமல் எழுதுங்கள்: ‘இன்னா தம்பி, மேட்ச் பத்தி நீ போட்டதுல ஒண்ணும் தப்பு இல்ல. அவங்க அம்மாவ இழுத்ததுதான் தப்பு. அதனால அத எடுத்துட்டேன். குரூப்ல உன் பேர நான் சொல்லல. இன்னொரு வாட்டி வந்துச்சின்னா ஃபைனல் முடியற வரைக்கும் வெளிய இருக்க வேண்டி வரும், சொல்லிட்டேன்.’ ஆட்டத்தைப் பற்றி அவர் சொன்னதை ஒப்புக்கொண்டு, ஆளைப் பற்றிச் சொன்னதை மட்டும் பிரித்துக் காட்டுவதுதான் இந்தச் செய்தியின் உயிர். பெரும்பாலும் ‘சரிண்ணா’ என்ற பதிலோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் சொன்னதைச் செய்தாக வேண்டும். இங்கேதான் குழுக்கள் பலவும் தடுமாறுகின்றன: புதியவரை உடனே நீக்குகிறவர்கள், ஸ்குவாடில் (தன் நால்வர் அணியில்) உடன் ஆடும் நண்பனை ‘விடு, அவன் அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். குழுவில் இருக்கும் நூறு பேரும் பார்ப்பது இந்த ஓர் இடத்தைத்தான். நண்பன் ஒருமுறை வெளியே வைக்கப்பட்டால், அதன் பிறகு விதியை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போகும்.

‘தைரியம் இருந்தா கோட்டை மைதானத்துக்கு வா’ என்ற வகை அழைப்பை வாய்ச்சவடாலாக எண்ணிச் சிரித்துவிடாதீர்கள். பெருநகரத்தில் அப்படி அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் சந்திக்காமலே போகலாம். இங்கே இருவரும் ஒரே பேருந்தில் கல்லூரிக்குப் போகிறவர்களாக இருக்கக்கூடும். இடமும் நேரமும் குறிப்பிடப்பட்டுவிட்டால் இருவரையும் தனித்தனியே தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். இருவருக்கும் தெரிந்த மூத்தவர் ஒருவரைப் பேசச் சொல்வது இன்னும் நல்லது. மோதல் நடக்கும் என்று உண்மையாகவே தோன்றினால் 112-க்குச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

முகவரி வெளியாவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் 2017 டிசம்பர் 28 அன்று நடந்தது ஒரு பாடம். கால் ஆஃப் டியூட்டி ஆட்டத்தில் ஒன்றரை டாலர் பந்தயத்தில் தொடங்கிய சண்டையில், எதிராளியின் முகவரி என்று கருதப்பட்ட ஒரு வீட்டுக்குப் பொய்த் தகவல் கொடுத்து ஆயுதப் போலீஸ் வரவழைக்கப்பட்டது; அந்த ஆட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பொய்த் தகவல் கொடுத்தவருக்கு 20 ஆண்டுச் சிறை கிடைத்தது. நம் ஊரில் துப்பாக்கிப் படை வராது என்றாலும், சீருடையில் எடுத்த ஒரு படம் போதும், பள்ளியையும் அங்கிருந்து தெருவையும் கண்டுபிடித்துவிட. ஆகவே பிறர் படம் வெளியிடப்பட்டால் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்காமல் முதலில் நீக்குங்கள்.

தொல்லைக்கு ஆளானவருக்கு

பொதுக்குழுவில் அடங்கிய சண்டை பல வேளைகளில் தனிச்செய்தியில் தொடர்கிறது. பெண் ஒருவர் வாய்ஸ் சாட்டில் பேசினாலே அன்றிரவு இன்ஸ்டாகிராமில் அறியாதவர்களின் செய்திகள் வந்து விழுவது பரவலான அனுபவம். அதனால் ஆட்டத்தில் நல்ல திறமை உள்ள பெண்கள் மைக்கை அணைத்துவிட்டு, ஆண் பெயரில் ஆடுகிறார்கள். தொல்லை தந்தவர் குழுவுக்கு வெளியே தந்தார் என்பதால் அது உங்கள் பொறுப்பு அல்ல என்று ஒதுங்காதீர்கள். உங்கள் குழுவில் கிடைத்த அறிமுகத்தை வைத்துத்தான் அவர் அங்கே போனார். ஆகவே குழுவின் விதி அங்கேயும் செல்லும் என்று முன்பே எழுதிவிடுங்கள். புகார் சொன்னவரின் பெயரைத் தொல்லை தந்தவரிடம் சொல்லாதீர்கள். ‘நீயே அவனை பிளாக் பண்ணிடு’ என்பதோடு முடித்துக்கொள்வது புகாரைக் கைகழுவுவதாகும்.

சிறுவர்கள் விஷயத்தில் இன்னொரு தடை இருக்கிறது: வீட்டில் சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். மிரட்டப்படும் பையன் அதை மறைத்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறவன் சொல்வதையெல்லாம் செய்வதற்கு இந்தப் பயமே காரணமாகிறது. பெற்றோர் இதைப் படித்தால், புகார் சொன்ன பிள்ளையைத் தண்டிக்காதீர்கள் என்பதைத் தவிர அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேறெதுவும் இல்லை. 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பாலியல் தொல்லை என்றால் அது சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வரும். 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கு 181. ‘செத்துப்போ’ என்று பலர் சேர்ந்து எழுதியதால் மனம் உடைந்தவருக்கு அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேச ஆள் கிடைப்பார்கள்.

ஆதாரம் சேர்ப்பதில் அவசரப்பட்டு எடுத்த ஒற்றை ஸ்கிரீன்ஷாட் பலவீனமானது. முன்னும் பின்னும் உள்ள உரையாடல் முழுவதும் தெரியும்படி திரைப்பதிவாக எடுங்கள். தேதியும் நேரமும் தெரிய வேண்டும். பெயரை யாரும் நொடியில் மாற்றிக்கொள்வார்கள் என்பதால், மாறாத அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிஜிஎம்ஐயிலும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸிலும் ஆட்டக்காரரின் எண் வடிவ ஐடி, டிஸ்கார்டில் டெவலப்பர் மோடை இயக்கினால் கிடைக்கும் யூசர் ஐடி, யூடியூபில் சேனல் ஐடி. இன்ஸ்டாகிராமில் கணக்கின் இணைப்பு பயனர்பெயரோடு மாறக்கூடும் என்றாலும் அதையும் குறித்து வையுங்கள். அசல் செய்திகள் உள்ள போனை ரீசெட் செய்யாதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றம் ஏற்பதற்கான சான்றிதழை சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கிறது, அதற்கு அசல் சாதனம் உதவும். ஆபாசமாக மாற்றிய படம் வந்திருந்தால் அதை ‘பார்த்தீர்களா’ என்று யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்புவதும் பரப்புவதுதான். அத்தகைய படங்கள் பரவாமல் தடுக்க வயதுவந்தோருக்கு ஸ்டாப் என்சிஐஐ, சிறுவர்களுக்கு டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவைகள் உள்ளன. படத்தை எங்கும் பதிவேற்றாமல் அதன் எண்முறைக் கைரேகையை மட்டும் அவை எடுத்துக்கொள்கின்றன.

தளத்தில் ரிப்போர்ட் பொத்தானை அழுத்திப் பயனில்லை என்றால், அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் அப்படி ஒருவரை வைத்திருக்கவும் புகாருக்குக் காலக்கெடுவுக்குள் பதில் சொல்லவும் தளங்களைக் கட்டாயப்படுத்துகின்றன. அவருடைய முடிவில் நிறைவில்லாவிட்டால், 2023 முதல் செயல்படும் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாட்களுக்குள் இணையவழியிலேயே முறையிடலாம். இந்த வழி இருப்பதே நம் இளைஞர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

காவல்துறையிடம் போகும்போது

எல்லா வசவுக்கும் காவல் நிலையம் போக வேண்டியதில்லை. திட்டியவர் பதினைந்து வயதுப் பையனாக இருக்கும்போது அவன் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் பேசுவதே பல நேரங்களில் சரியானது. தொடர்ந்து பின்தொடர்தல், உயிருக்கு மிரட்டல், ஆபாசப் படம், போலிக் கணக்கு, பணம் பறித்தல் ஆகியவற்றில் காத்திருக்கக் கூடாது. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்யலாம். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

எந்த ஊர்க் காவல்துறை என்பதில் நம் பகுதியில் குழப்பம் வருகிறது. பழைய வட ஆர்க்காடு 1989-இல் பிரிந்தது. எஞ்சிய வேலூர் மாவட்டத்திலிருந்து 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகின. காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு இன்றும் வேலூர். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர். ஆற்காடு, வாலாஜாப்பேட்டை, அரக்கோணம் ராணிப்பேட்டை. மாவட்டத்துக்கு ஒன்றாகச் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பினால், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்துக்கு எல்லை பாராமல் தகவலைப் பதிவு செய்ய, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு வழி செய்கிறது என்பதைப் பணிவாகச் சுட்டிக்காட்டலாம்.

2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பெண்ணைப் பின்தொடர்வது 78-ஆம் பிரிவிலும், பெண்ணின் மாண்பை இழிவுபடுத்தும் சொல்லும் செயலும் 79-ஆம் பிரிவிலும், மிரட்டல் 351-ஆம் பிரிவிலும் வருகின்றன. ஆபாசப் பதிவுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். ‘66ஏ போட்டு உள்ளே தள்ளிடுவேன்’ என்று இன்னமும் மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது.

உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் ஜெயிலுக்குப் போவாரா என்ற கேள்வியும் வரும். அட்மின் என்பதற்காக மட்டுமே ஒருவர் குற்றவாளி ஆக மாட்டார் என்று மும்பை உயர்நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வும், 2022-இல் கேரள உயர்நீதிமன்றமும் கூறியுள்ளன. தெரிந்தே ஊக்குவித்தவருக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

அரங்கில் நடக்கும் போட்டி

கல்லூரி விழாவிலோ தனி அரங்கிலோ போட்டி வைத்தால் பிரச்சினை பெரும்பாலும் நடுவர் மேசையைச் சுற்றித்தான். முறையீடு செய்யும் உரிமை அணித்தலைவருக்கு மட்டுமே, அதுவும் ஆட்டம் முடிந்த கால் மணி நேரத்துக்குள், எழுத்தில் என்று வைத்துவிட்டால் பின்னால் நாற்பது பேர் வந்து நிற்க மாட்டார்கள். புள்ளிப் பட்டியலை ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் திரையில் காட்டுங்கள்; தாமதமானால் சந்தேகம் வளரும். தோற்ற அணியும் வென்ற அணியும் ஒரே வாசல் வழியே ஒரே நேரத்தில் வெளியேறாதபடி, பரிசளிப்பைச் சிறிது தள்ளி வையுங்கள்.

வெளியேற்றப்பட்டவரைத் திரும்பச் சேர்ப்பது

போட்டி முடியும்வரை என்று சொல்லி நீக்கியவரைப் போட்டி முடிந்ததும் நீங்களே அழைத்துச் சேர்க்க வேண்டும். அவர் கெஞ்சிக் கேட்கும்வரை காத்திருந்தால், அவர் தனியாக ஒரு குழு தொடங்கி அங்கே உங்களைத் திட்டிக்கொண்டிருப்பார். மிரட்டலுக்கும் பாலியல் தொல்லைக்கும் நீக்கப்பட்டவரை, பாதிக்கப்பட்டவரிடம் கேட்காமல் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். அவர் ‘வேண்டாம்’ என்றால் காரணம் கேட்கவும் கூடாது. மற்றவர்கள் திரும்பும்போது மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லி எல்லார் முன்னிலையிலும் நிறுத்த வேண்டியதில்லை. விதியை மீண்டும் அனுப்பி, படித்ததாக ஒரு பதில் வாங்கிக்கொண்டால் போதும். அவர் வந்த அன்றே யாராவது பழைய ஸ்கிரீன்ஷாட்டைத் தோண்டியெடுத்துக் குழுவில் போட்டுச் சீண்டினால், ஆளைப் பற்றிய பேச்சுக்கான அதே விதி அதைப் போட்டவருக்கும் பொருந்தும்.